கொல்லையில் மரம், மண்ணில் கார்பன்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகிவிட்டாலும், மேட்டுக் கொல்லைகளில் (புன்செய் நிலங்களில்) பெரும்பாலும் அதே மணல் கலந்த செம்மண்தான், அங்கங்கே சரளை. பயிரோடு மரம் வைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்களும் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறோம். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் ஒரு ஏக்கருக்கு, மேல் மண் அரை அடிக்கு (15 செ.மீ.).

1. கார்பன்னா புகையில வர்றதுதானே? அது மண்ணுல இருந்தா என்ன நல்லது?

அதே கார்பன்தான். காற்றில் கரியமில வாயுவாக இருப்பதை இலை இழுத்துச் சர்க்கரையாக்குகிறது. இலையும் வேரும் மட்கும்போது பெரும்பங்கு திரும்பக் காற்றுக்கே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் மண்ணில் தங்கும். மட்கு, செத்த வேர், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்ததை அங்ககப் பொருள் என்கிறோம். அதன் எடையில் ஏறக்குறைய 58 சதவீதம் கார்பன். மண் பரிசோதனை அட்டையில் உள்ள கார்பன் எண்ணை 1.724 ஆல் பெருக்கினால் அங்ககப் பொருளின் அளவு கிடைக்கும்.

சத்தையும் ஈரத்தையும் பிடித்து வைப்பது களியின் (களிமண் துகளின்) வேலை. நம் செம்மண்ணில் களி குறைவு; அந்த வேலையில் பாதி மட்கின் தலையில் விழுகிறது. மட்கும் இல்லாவிட்டால், போட்ட யூரியா அடுத்த பெருமழையில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். மழை விட்டதும் மேல் மண் ஓடு கட்டி, மணிலா (நிலக்கடலை) முளை வெளியே வரத் திணறுவதும் இதே குறையால்தான்.

2. என் அட்டையில 0.38னு போட்டிருக்கு. மோசமா?

0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்பது நம் ஆய்வகங்கள் பின்பற்றும் அளவு. 0.38 குறைவுதான். ஆனால் மானாவாரிச் செம்மண்ணுக்கு இது அதிசயமான எண் அல்ல.

காரணம் வெயில் மட்டுமில்லை. மணிலாவை வேரோடு பிடுங்குகிறோம், கொடியை மாட்டுக்குக் கொண்டுபோகிறோம், மாட்டின் எரு வீட்டருகே உள்ள கழனிக்குப் போகிறது. கொல்லைக்குத் திரும்பி வருவது உதிர்ந்த இலை மட்டும்தான். இதற்கு மேல் வருடம் மூன்று தடவை டிராக்டர் ஓட்டினால், மண் கட்டிக்குள் ஒளிந்திருந்த பழைய மட்கும் காற்றுப் பட்டுக் கரைந்துவிடும்.

3. மரம் வச்சா 0.38 எத்தனை வருசத்துல 0.5 ஆகும்?

சுற்றி வளைக்காமல் கணக்கே போட்டுவிடலாம். ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் சுமார் 910 டன் (ஒரு கன மீட்டர் மண் 1.5 டன் என்று வைத்தால்). 0.12 சதவீதம் கூட்ட வேண்டும் என்றால் அதில் 1,100 கிலோ கார்பன் புதிதாகத் தங்க வேண்டும். உலர்ந்த தழையில் 45 சதவீதம் கார்பன். நம் வெப்பத்தில் அது மட்கி முடிந்தபின் தங்குவது 10 முதல் 20 சதவீதம். நடுவாக 15 என்று கொள்வோம். அப்படியானால் 16 டன் காய்ந்த தழை வேண்டும். பச்சையாகச் சொன்னால் 65 டன். பத்து வருடம் என்றால் வருடத்துக்கு ஆறரை டன் பச்சைத் தழை, அதுவும் இப்போது மண்ணுக்குப் போய்க்கொண்டிருப்பது குறையாமல்.

வரப்பில் மட்டும் மரம் வைத்தால் இந்த அளவு வராது (7ஆம் கேள்வியில் எவ்வளவு வரும் என்று இருக்கிறது). வரப்பு மரம், கொல்லைக்குள் ஓரிரு வரிசை, தொழு எரு, உழவைக் குறைத்தல் எல்லாம் சேர்ந்தால் பத்து வருடத்தில் 0.5 என்பது நடக்கக்கூடியது. மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால், மண் மாதிரியை எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் குழி தோண்டியதாலும் மண்ணைப் புரட்டியதாலும் எண் சற்று இறங்குவதும் உண்டு. பயிர் நிலத்தை மரமும் பயிரும் சேர்ந்த நிலமாக மாற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மண் கார்பன் சராசரியாக நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் நல்ல மழையும் களிமண்ணும் உள்ள இடங்களும் அடக்கம்.

4. இலை உதிர்ந்துதான் கார்பன் சேருதா? வேருக்கு வேலை இல்லையா?

வேருக்குத்தான் பெரிய வேலை. மேலே விழும் இலை வெயிலிலும் கறையானிலும் போய்விடுகிறது. மயிர் போன்ற சிறு வேர்கள் மண்ணுக்குள்ளேயே செத்து, களித் துகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒரே எடை இலையையும் வேரையும் ஒப்பிட்டால், வேரிலிருந்து தங்கும் கார்பன் இரண்டு மடங்கு வரை இருக்கும். ஒவ்வொரு முறை கிளையை வெட்டும்போதும் மரம் தன் சிறு வேர்களில் ஒரு பகுதியைக் கைவிடுகிறது, அதுவும் மண்ணுக்கே.

இன்னொன்று ஆழம். மணிலா வேரும் கேழ்வரகு வேரும் பெரும்பாலும் ஓரடிக்குள் நின்றுவிடும். மர வேர் ஆறடி, எட்டடி போகும். அங்கே சூடும் காற்றும் குறைவு என்பதால் கார்பன் மெதுவாகத்தான் கரையும். அரை அடி மண்ணை மட்டும் சோதித்தால் இந்த லாபம் கண்ணில் படாது.

5. மரம் சத்தை உறிஞ்சிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்க, நீங்க சத்து குடுக்கும்னு சொல்றீங்க. எது நிஜம்?

இரண்டுமே நிஜம்; காலமும் இடமும்தான் வேறு. கன்று நட்ட முதல் மூன்று வருடம் மரமும் பயிரும் ஒரே மேல் மண்ணில்தான் தின்கின்றன. அப்போது மரம் எடுப்பதே அதிகம். வேர் கீழே இறங்கியபின், பயிரின் வேருக்கு எட்டாமல் தப்பிய தழைச்சத்தையும் (நைட்ரஜன்), அடி மண்ணில் உள்ள சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச்சத்தையும் (கால்சியம்) மேலே இழுத்து இலையாக்குகிறது. அந்த இலை அதே கொல்லையில் விழுந்தால் மேல் மண்ணுக்கு லாபம். ஆட்டுக்குக் கட்டிவிட்டால் ஆட்டுக்கு லாபம்.

காற்றிலிருந்து மரம் புதிதாகக் கொண்டுவரக்கூடிய உரச்சத்து தழைச்சத்து ஒன்றுதான், அதுவும் சில மரங்கள் மட்டும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எந்த மரமும் உண்டாக்காது. இருப்பதை, வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணத்தின் துணையோடு கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து எடுக்கும், அவ்வளவே. ஆகவே மரம் வைத்த கொல்லைக்கும் சூப்பர் பாஸ்பேட்டோ எருவோ வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும்.

6. நெத்து விடுற மரம் எல்லாமே வேர்ல முடிச்சு விடுமா? புளியமரம் கூட பயறு ஜாதின்னு சொல்றாங்களே?

குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. புளி, மஞ்சள் கொன்றை இரண்டும் நெத்து விட்டாலும் வேர் முடிச்சு விடுவதில்லை. கிளைரிசிடியா, சூபாபுல், அகத்தி, புங்கம், வாகை, வேங்கை, செம்மரம், வெள்வேல் ஆகியவை விடும். சவுக்கு பயறுக் குடும்பமே இல்லை. ஆனால் வேறொரு வகை நுண்ணுயிரோடு கூட்டுச் சேர்ந்து முடிச்சு விட்டுத் தழைச்சத்தைப் பிடிக்கும். வேம்பு, தேக்கு, மா, தைலமரம் எதற்கும் அந்தத் திறன் இல்லை.

முடிச்சு இருப்பதாலேயே வேலை நடக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மழைக்குப்பின் சிறு வேரைத் தோண்டி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் சும்மா இருக்கிறது. சவுக்கு முடிச்சுக்கு இந்த நிறச் சோதனை சரிவராது. மணிச்சத்துக் குறைவும், பக்கத்தில் கொட்டிய அதிக யூரியாவும் முடிச்சை முடக்கும்.

7. வரப்பு பூரா கிளைரிசிடியா வச்சா யூரியா மூட்டையே வாங்க வேணாமா?

எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தது. சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்றி வரப்பு சுமார் 250 மீட்டர். மீட்டருக்கு ஒன்று என்று 250 செடி. வளர்ந்த செடி ஒன்று வருடத்துக்கு 5 முதல் 8 கிலோ பச்சைத் தழை தரும். மொத்தம் 1,250 முதல் 2,000 கிலோ; காய்ந்தால் அதில் கால் பங்கு, அதாவது 300 முதல் 500 கிலோ. அதில் தழைச்சத்து 8 முதல் 14 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20 கிலோ. ஆக, வரப்பு முழுக்க வைத்தாலும் அரை மூட்டைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதிலும் பாதிக்குக் குறைவுதான் அந்தப் பட்டத்துப் பயிருக்குக் கிடைக்கும். மீதி மண்ணில் நிற்கும்.

மானாவாரி மணிலாவுக்கு ஏக்கருக்கு 4 கிலோ தழைச்சத்துதான் பரிந்துரை. அதற்கு இந்தத் தழையே போதும், யூரியாவை மறந்துவிடலாம். நெல்லுக்கு 50, 60 கிலோ வேண்டும். அங்கே இது துணைதான். நெல் கழனிக்கு ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தழை என்று பரிந்துரைக்கிறார்கள். அதை ஒரு வரப்பிலிருந்து எடுக்க முடியாது.

நடுவதற்கு ஒரு வயது முற்றிய, கட்டைவிரலை விடச் சற்றுத் தடித்த கிளையில் மூன்றடிப் போத்து வெட்டுங்கள். அடியைச் சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்ட வேண்டும். புரட்டாசி, ஐப்பசி மழையில் முக்கால் அடி ஆழம் ஊன்றி மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். தலைகீழாக ஊன்றுவதும், வெட்டிய போத்தை வெயிலில் நான்கு நாள் போட்டுவிட்டு நடுவதும்தான் பட்டுப்போவதற்கு வழக்கமான காரணங்கள். முதல் வெட்டு ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து, மூன்றடி உயரத்தில். பிறகு வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை. மாசிக்குப் பிறகு மொட்டையடித்தால் கோடையில் துளிர்க்கத் திணறும். (இதன் தாவரப் பெயருக்கு எலிக்கொல்லி என்று பொருள். அதை நம்பி வரப்பில் எலி வராது என்று இருந்துவிட வேண்டாம்.)

8. கிளைரிசிடியா, புங்கம், வேம்பு: எந்தத் தழை ஒசத்தி?

காய்ந்த எடையில் தழைச்சத்து கிளைரிசிடியாவில் சுமார் 2.8 சதவீதம், புங்கத்தில் 3.3, வேம்பில் 2.8. பெரிய வித்தியாசம் சாம்பல்சத்தில்தான்: கிளைரிசிடியா 4.6, புங்கம் 2.4, வேம்பு அரை சதவீதத்துக்கும் கீழே. மணிச்சத்து எல்லாவற்றிலும் அரை சதவீதத்துக்குக் குறைவு. 500 கிலோ கிளைரிசிடியாவில் ஒன்றரைக் கிலோ கூட வராது என்பதால் 5ஆம் கேள்வியில் சொன்னது மறுபடி உறுதியாகிறது.

வேகம் வேறு. கிளைரிசிடியா ஈரமிருந்தால் மூன்று நான்கு வாரத்தில் பாதி கரைந்துவிடும், புங்கம் மெதுவாக. உடனடிச் சத்துக்குக் கிளைரிசிடியா, மண் பொலபொலப்பாக நிற்கப் புங்கம். இரண்டையும் கலந்து போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

9. தழையைப் போட்டு ஏர் ஓட்டி ரெண்டாம் நாளே விதைச்சேன். பயிர் மஞ்சளாயிடுச்சு. ஏன்?

இரண்டு காரணம் இருக்கலாம். பச்சைத் தழை அழுகும்போது வரும் சூடும் அமிலமும் முளையைக் கெடுக்கும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே தழையை மடக்கி உழுது, ஒரு மழையாவது காண விடுங்கள்.

போட்டது முற்றிய குச்சி, மாஞ்சருகு, சவுக்கு ஊசி போன்றதாக இருந்தால் காரணம் வேறு. அவற்றில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர், குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். சில வாரத்தில் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் மூன்று மாதப் பயிருக்கு அந்தச் சில வாரம் பெரிது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்குக்கு மேல் கார்பன் உள்ள எதையும் உழுது புதைக்காமல், மேலே மூடாக்காகப் பரப்புங்கள். அல்லது சாணிக் கரைசல் தெளித்துக் குவித்து மக்கவைத்துப் போடுங்கள். கைக்கணக்கு ஒன்று: இலை நசுக்கினால் சாறு விடுமானால் புதை; ஒடிந்தால் மேலே பரப்பு.

10. மூடாக்கு போட்டா கறையான் வந்து எல்லாத்தையும் தின்னுடுதே?

செம்மண் கொல்லையில் இது தவிர்க்க முடியாதது. காய்ந்த, நாரான பொருளைத்தான் கறையான் விரும்பும். பச்சைத் தழையை அவ்வளவாகத் தொடாது. வெறும் சருகைத் தனியாகப் போடாமல் பச்சைத் தழையோடு கலந்து, மழை ஈரத்தில் போடுவது சேதத்தைக் குறைக்கும். கன்றின் தண்டைச் சுற்றி ஓரடி வெறுமையாக விடுங்கள். நடும் குழியில் வேப்பம் பிண்ணாக்கு கலப்பது வழக்கம்.

கறையான் தின்றது முழு நட்டமும் இல்லை. கொல்லைக்குள்ளேயே துளை போட்டு, அடிக் களியை மேலே கொண்டுவருகிறது. ஆனால் கார்பனில் பெரும்பங்கு காற்றுக்குப் போய்விடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 3ஆம் கேள்வியில் தங்கும் பங்கை 15 சதவீதம் என்று குறைத்துப் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

11. மாந்தோப்புச் சருகைக் கூட்டிக் கொளுத்துறோம். சாம்பலும் உரம்தானே?

குடியாத்தம், பேர்ணாம்பட்டு, நாட்றம்பள்ளிப் பக்கத் தோப்புகளில் மாசி, பங்குனியில் எழும் புகைக்கு இதுவே காரணம். கொளுத்தினால் கார்பனும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுசாகவும், கந்தகம் பெருமளவும் போய்விடும். சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, மணிச்சத்து சாம்பலில் நிற்கும். அதையும் முதல் காற்றும் முதல் மழையும் பங்குபோடும். சருகை மரத்தின் பாத்திக்குள் தள்ளி, மேலே இரண்டு கூடை எரு போட்டு விடுங்கள். பூச்சி, நோய் பிடித்த கிளைகளை மட்டும் எரிப்பதில் தவறில்லை.

12. மணிலா கொல்லை நடுவுல மரம் வச்சா மகசூல் அடிபடாதா?

அடிபடும், மரத்தை ஒட்டிய பகுதியில். எவ்வளவு என்பது நிழல், வேர் இரண்டையும் நீங்கள் எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மணிலாவுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் கொடி மட்டும் பச்சைப்பசேல் என்று ஓடி, காய் குறையும்.

வரிசையைக் கிழக்கு மேற்காக வையுங்கள். காலை, மாலை நிழல் அப்போது வரிசையின் மேலேயே விழும். வேலூர் 13 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து வரும். ஆடிப்பட்ட மணிலா முளைக்கும்போது உச்சி நிழல் மரத்தடியைத் தாண்டாது. மார்கழியில் கதை வேறு. 30 அடி மரம் உச்சிப் பொழுதிலேயே வடக்கே 22 அடி நிழல் வீசும். கார்த்திகைப் பட்டம் போடுபவர்கள் வரிசைக்கு வடக்கே தீவனப் புல்லோ மஞ்சளோ வைத்துக்கொள்ளலாம். வரிசைக்கு வரிசை 30 அடியாவது விடுங்கள். டிராக்டரும் திரும்ப வேண்டுமே.

வேருக்கு: மூன்றாம் வருடத்திலிருந்து, மரத்துக்கு நாலைந்து அடி தள்ளி, 2 அடி ஆழம், ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். பக்க வேர் அறுபட்டு மரம் கீழே இறங்கும். ஒரு வருடம் ஒரு பக்கம், மறு வருடம் மறு பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் ஐப்பசிக் காற்றில் மரம் சாய்ந்துவிடும். அந்த வாய்க்காலையே தழை நிரப்பும் குழியாக்கினால் மழைநீரும் அங்கே நிற்கும். 40, 45ஆம் நாளில் போடும் 160 கிலோ ஜிப்சத்தை மட்டும் மரத்தழையை நம்பி நிறுத்திவிடாதீர்கள். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து வேர் வழியாகப் போவதில்லை. காயைச் சுற்றியுள்ள மண்ணிலேயே கரைந்து இருக்க வேண்டும்.

13. தைலமரம் மண்ணைச் செத்துப்போக வைக்குமா? தேக்கு பரவாயில்லையா?

தைலமரம் விஷம் வைப்பதில்லை, கொண்டுபோகிறது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டி, பட்டையோடும் இலையோடும் ஏற்றினால் சுண்ணாம்புச்சத்து வண்டி வண்டியாக வெளியேறும். தண்டில் உள்ள சுண்ணாம்புச்சத்தில் பெரும்பங்கு பட்டையில் இருக்கிறது. பட்டையைக் கொல்லையிலேயே உரித்துப் பரப்பினால் நட்டத்தில் பாதியைத் தடுக்கலாம். தண்ணீர்ப் போட்டி வேறு கதை. மானாவாரிப் பயிருக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது.

தேக்கைப் பற்றிப் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. அதன் அகன்ற இலையில் திரண்டு விழும் மழைத்துளி, நேராக விழும் துளியை விடப் பெரிது. சருகைக் கூட்டியோ கொளுத்தியோ தரையை வெறுமையாக்கினால் தேக்கின் அடியில் மேல் மண் தெறித்து ஓடும். சருகு கிடந்தால் பிரச்சினை இல்லை.

14. சந்தனம் வைக்கச் சொல்றாங்க. மண்ணுக்கு நல்லதா?

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சத்தை உறிஞ்சும். அதனால் துணைச் செடி கட்டாயம்: நாற்றுப் பையில் பொன்னாங்கண்ணி, முதல் இரண்டு வருடம் துவரை, பிறகு சவுக்கு அல்லது புங்கம். மண்ணுக்கு நல்லது செய்வது அந்தத் துணை மரங்கள்தான். வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும், காவல் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

15. ஜவ்வாது மலைச் சரிவுல சாமை போடுறோம். அங்க இந்தக் கணக்கு பொருந்துமா?

அங்கே கார்பனைச் சேர்ப்பதை விட, இருப்பது ஓடாமல் நிறுத்துவது முதல் வேலை. மழையில் அடித்துப்போவது மண்ணிலேயே சத்தும் மட்கும் செறிந்த மேல் பூச்சு. சரிவில் ஒவ்வொரு மூன்றடி இறக்கத்துக்கும் ஒரு சம உயரக் கோடு போட்டு, கிளைரிசிடியாப் போத்தை முழத்துக்கு ஒன்றாக நெருக்கி ஊன்றி, வெட்டிய குச்சிகளை மேல் பக்கம் அணையாகப் போடுங்கள். சில வருடத்தில் மண் தானாகப் படி கட்டும். கோட்டைக் கண்ணளவில் போட்டுத் தவறினால், தண்ணீர் பள்ளமான ஒரே இடத்தில் திரண்டு ஓடை வெட்டிவிடும். ஏ வடிவச் சட்டமும் தூக்குநூலும் போதும், இதற்குப் பெரிய கருவி தேவையில்லை.

16. பாலாத்தங்கரை நிலம், தோல் தொழிற்சாலைத் தண்ணி பட்டு உப்பாயிடுச்சு. மரம் சரிப்படுத்துமா?

மரம் மட்டும் சரிப்படுத்தாது. முதலில் சோதனை: உப்பு அளவு (மின்கடத்துத்திறன், dS/m) 4க்கு மேல் என்றால் உவர்; கார அமில நிலை (pH) 8.5க்கு மேல் போய் மண் வழவழப்பாகக் கலங்கினால் களர். களருக்கு ஜிப்சமும், அதைக் கழுவ நல்ல தண்ணீரும், வடிகாலும் வேண்டும். சோடியம் மண் கட்டிகளைச் சிதறடிப்பதால் உள்ளே இருந்த மட்கும் வெளிப்பட்டுக் கரைகிறது. அந்த நிலையில் தழை போட்டுக் கார்பன் ஏற்ற நினைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

சவுக்கு, புங்கம் ஓரளவு உப்பைத் தாங்கி நிற்கும். சீமைக்கருவேலமும் தாங்கும், அதன் அடியில் கார்பன் கூடவும் செய்யும். ஆனால் அது பக்கத்து நிலத்தையும் விட்டுவைக்காது. குரோமியத்தை மரம் இழுத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்த நிலத்துத் தழையைக் கீரைப் பாத்திக்கோ மாட்டுக்கோ கொண்டுபோகாதீர்கள்.

17. மரத்தடியில எடுத்த மண்ணுல 0.8 வந்துச்சு, கொல்லை நடுவுல 0.35. எதை நம்புறது?

இரண்டையும். மரம் கார்பனைச் சமமாகப் பரப்புவதில்லை. தன் காலடியில்தான் கொட்டிக்கொள்கிறது. நிழல் தேடி வரும் மாடும் அங்கேதான் சாணி போடுகிறது. கொல்லையில் 15 சதவீதம் பரப்பு மரக்கவிகைக்குள் (கிளை விரிந்த எல்லைக்குள்) இருந்தால் கணக்கு இது: 0.8ல் 15 பங்கு, 0.35ல் 85 பங்கு, மொத்தம் 0.42. மரத்தடியில் ஒரு பிடி அள்ளி 0.8 என்று காட்டுவது தவறு. வழக்கமான அறிவுரைப்படி மரத்தடியை முற்றிலும் ஒதுக்கிவிட்டு 0.35 என்பதும் முழு உண்மை ஆகாது.

தண்டருகே, கவிகை விளிம்பில், இரு வரிசைக்கு நடுவில் என மூன்று வகையாகப் பிரித்து, வகைக்கு ஐந்தாறு இடத்தில் ஆங்கில வி வடிவக் குழியின் பக்கச் சுவரிலிருந்து அரை அடி வரை சீவி எடுங்கள். மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு எடுக்க வேண்டும். வகைவாரியாகக் கலந்து, கால் பங்கு முறையில் (நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை விலக்கி, மறுபடி அப்படியே) அரைக் கிலோவாகக் குறைத்து, தனித்தனிப் பையில் போடுங்கள். வைகாசியில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் வைகாசியிலேயே, அதே ஆய்வகத்திலேயே. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை போதும்; வருடா வருடம் வரும் 0.03, 0.04 ஏற்ற இறக்கம் மாதிரி எடுப்பதில் வரும் பிசகாகவே இருக்கும்.

18. ஏரி வண்டல் அடிச்சா மரத்தோட வேலை மிச்சமா?

மிச்சமில்லை, துணை. வண்டலில் வரும் களிதான் முக்கியம். மட்கு ஒட்டிக்கொள்ள அது இடம் கொடுக்கிறது. தழை மட்டும் போட்ட மணற்செம்மண்ணை விட, ஒரு முறை வண்டல் அடித்துவிட்டுத் தழை போட்ட மண்ணில் கார்பன் அதிக நாள் நிற்கும். உரிய அனுமதி பெற்று, கோடையில் அடித்து, கட்டிகள் வெயிலில் வெடித்தபின் பரப்புங்கள். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஏரியின் வண்டலை மட்டும் சோதிக்காமல் தொடாதீர்கள்.

19. கார்பன் கிரெடிட்னு சொல்லிக் கையெழுத்து கேக்குறாங்க. பணம் வருமா?

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. 7ஆம் கேள்வியின் வரப்புத் தழை முழுவதும் (500 கிலோ காய்ந்தது) கொல்லைக்கே போனால், வருடத்துக்கு 34 கிலோ கார்பன் மண்ணில் தங்கும். 3.67 ஆல் பெருக்கினால் 125 கிலோ கரியமில வாயு. அதாவது ஒரு கிரெடிட்டுக்கு எட்டு வருடம். மண்ணை வைத்துச் சிறு விவசாயி இதில் சம்பாதிப்பது கடினம். மரத்தண்டுதான் கொஞ்சம் எடை தரும்: வேரோடு சேர்த்துக் காய்ந்த எடை 200 கிலோ உள்ள 40 மரத்தில் 4 டன் கார்பன், அதாவது 14, 15 கிரெடிட். அதுவும் அத்தனை வருடம் வளர்ந்ததற்கு மொத்தமாக.

வேளாண் துறைக்கான தன்னார்வக் கார்பன் சந்தை வழிமுறையை ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்டது. ஆகவே பேச்சே பொய் என்று தள்ள வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: எத்தனை வருடம் மரத்தை வெட்டக் கூடாது, அளக்கும் செலவு யாருடையது, நிலத்தை விற்றால் அல்லது மரம் காற்றில் விழுந்தால் என்ன, ஏற்கெனவே இருக்கும் மரத்துக்குக் காசு உண்டா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்பதே பதில். புதிதாகச் செய்ததற்குத்தான் கிரெடிட்.

20. கடைசியில மரத்தை வெட்டி வித்துட்டா, சேர்த்த கார்பன் எல்லாம் போயிடுமா?

தண்டில் இருந்தது கொல்லையை விட்டுப் போகும். மண்ணில் இருப்பது, அடுத்து நீங்கள் செய்வதைப் பொறுத்தது. பொக்லைன் வைத்து வேரைப் பறித்து, ரோட்டவேட்டர் ஓட்டினால் பத்து வருடச் சேமிப்பில் கணிசமானதை இரண்டே மழைக்காலத்தில் கரைத்துவிடலாம். தரை மட்டத்தில் அறுத்து, வேரை உள்ளேயே மட்கவிட்டால் மெதுவாகத்தான் போகும். வேர் இருந்த துளைகள் வழியே மழை நீரும் இறங்கும். தடித்த மரத்தை விற்றாலும் இலை, பட்டை, விரலளவுக் குச்சிகளை ஏற்ற விடாதீர்கள். எடையில் அவை குறைவு. கிலோவுக்குக் கிலோ சத்து தண்டை விட மிக அதிகம்.

வெட்டிய பிறகு முதல் பட்டத்துக்கு மணிலா, கொள்ளு, காராமணி போன்ற பயறு வகை போடுங்கள். மட்கும் வேர் 9ஆம் கேள்வியில் சொன்னபடி தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். கேழ்வரகு போட்டால் மஞ்சளடிக்கும்.